மேகத்துக்கு அடியில் ஒரு பாலம்

"தப்புப் பண்ண ஆளோட பேரு அறிக்கையில வரணும் மேடம். பேரு இல்லாம நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

மாடிப்படி ஏறும்போதே பிரிவுத் தலைவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எதை வேண்டுமானாலும் பேசு, பேரை மட்டும் கேட்டுவிடாதே என்று. உட்கார்ந்ததும் அவள் அதைத்தான் கேட்டாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். "யாருங்க இந்தப் பொண்ணு?"

"நம்ம ஆபீஸ்தான் மேடம். செயற்கைக்கோள் படத்தைப் பாத்து மேப் போடுற பொண்ணு. இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே இதுதான்." தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் படபடன்னு பேசும். மனசுல ஒண்ணும் கிடையாது."

"இருக்கு சார்," என்றாள் அவள்.

மேசையில் இரண்டு படங்கள் கிடந்தன. முதல் படத்தில் சாலை ஆற்றங்கரை வரை வருகிறது. அங்கே கட்டைவிரல் அளவுக்கு ஒரு மேகம். மேகத்தைத் தாண்டி அந்தக் கரையில் மறுபடி சாலை. வரைபடத்தில் இரண்டையும் ஒரு கோடு சேர்த்திருந்தது. இரண்டாவது படத்தில் மேகம் இல்லை. பாலமும் இல்லை. ஒரு படகுத்துறை இருந்தது.

"ரெண்டு பக்கமும் ரோடு தெரிஞ்சா நடுவுல பாலம்னு இழுத்து விடுறது எல்லாரும் பண்றதுதான் மேடம். நானே எத்தனையோ இழுத்திருக்கேன். மேகம் பண்ண வேலை," என்றார் தலைவர்.

"மேகம் கோடு போடாது சார்."

அந்தக் கோட்டை நம்பித்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. அக்கரையில் ஆஸ்பத்திரி கட்டினால் இக்கரையின் பதினோரு ஊருக்கும் பன்னிரண்டு நிமிடம் என்றது. கட்டி, திறந்தும் விட்டார்கள். படகில் வண்டி ஏறாது; சுற்றிக்கொண்டு போனால் இரண்டேகால் மணி நேரம்.

"போன மாசம் ஒரு அம்மா வண்டியிலேயே பெத்துட்டாங்க. குழந்தை தங்கல," என்றாள் அவள்.

அதிகாரி இரண்டாவது படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்குத்தானே தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதி, இக்கரைக்கும் ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு சிபாரிசு பண்றேங்கிறேன்?"

"கோளாறுன்னு எழுதினா அது அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்துக்குப் போயிடும். வரைஞ்சவரோட தப்புன்னு பேரோட எழுதினா, இந்த வருஷமே நாம கட்டிக் கொடுத்தாகணும். உங்க ஆபீஸ் சுற்றறிக்கையிலேயே இருக்கு மேடம். மூணாம் பக்கம்."

"அதைப் படிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்," என்ற அதிகாரி, தலைவர் பக்கம் திரும்பினார். "சரி, யாரு வரைஞ்சது? நீங்களா?"

"என் பேரையே போட்டுக்குங்க மேடம். எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ்."

"பொய் சொல்லாதீங்க சார். நீங்க சரிபாத்து டிக் அடிச்சவரு. வரைஞ்ச ஆள் வேற."

தலைவர் அவள் பக்கம் சாய்ந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "வேலை போயிடும்மா."

"போகட்டும்."

"வீட்டுலயே முதல் முதலாக் காலேஜ் வாசலை மிதிச்ச ஆளு. அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வெச்சிருக்காரு. ஒருத்தர் சம்பளத்துல குடும்பமே ஓடுது."

"இக்கரையில இருக்கிறவங்களும் மூட்டைதான் சார் தூக்குறாங்க."

அதிகாரிக்கு எரிச்சல் வந்தது. "உனக்கும் அந்த ஆளுக்கும் என்னம்மா, வாய்க்கா வரப்புச் சண்டையா?"

"நினைச்சாலே பத்திக்கிட்டு வருது மேடம். அடுத்த மாசத்துப் படத்தை ஒரு தடவை திறந்து பாத்திருந்தாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை. எல்லாருக்கும் முன்னாடி முடிச்சு நல்ல பேரு வாங்கணும்னு அவசரம்."

"வாஸ்தவம்தான். அதுக்காகக் கூட வேலை பாக்கிற ஆளை இப்படியா தெருவுல நிறுத்துவாங்க? இந்த வயசுல இவ்வளவு கல்நெஞ்சு ஆகாதும்மா."

எந்தக் கோட்டை யார், எந்தத் தேதியில் வரைந்தார்கள் என்பது கம்ப்யூட்டரில் தானாகவே பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை அவள் அச்செடுத்து நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். பிரித்து, அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டு அதிகாரியின் பக்கம் தள்ளினாள்.

"நான் கிளம்புறேன் சார்."

"இரும்மா. கொஞ்சம் இரு. நான் பேசிப் பாக்கிறேன்." தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

"எல்லாம் பேசியாச்சே சார்."

பையைத் தோளில் மாட்டினாள். தண்ணீர் பாட்டிலும் டீ குடிக்கிற கோப்பையும் மேசைக் கடிகாரமும் உள்ளே முட்டிக்கொண்டன. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கிக் கேட்காமலாயிற்று.

"என்ன திமிரு!" என்றபடி அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அச்செடுத்த தாளில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து, அதில் இருந்த பேரின்மேல் விரலை வைத்தார்.

"இந்த ஆளை உடனே மேல வரச் சொல்லுங்க. என்னன்னு நேர்லயே கேக்கறேன்."

தலைவர் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் மேடம் எழுந்து போச்சு அந்தப் பொண்ணு."