கம்பியோரம் நிற்கிறவர்

மௌரீன் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

போர்க்கப்பலின் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்து அனுப்பிய படம். எங்கள் கப்பல் கம்பெனி ஆபீஸ் பிரிண்டரில் மை குறைவு. சாம்பல் பூத்த கடல், நடுவில் எங்கள் சரக்குக் கப்பல், மேல்தளத்தில் புள்ளி புள்ளியாக ஆட்கள்.

"நிதானமா பாருங்க மேடம்," என்றார் சாமிநாதன் சார். மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த என் செல்போனிலிருந்து வந்தது குரல். என் மேலதிகாரி; ரெசிடென்சி ரோடு ஆபீஸில் இருந்தார். அவசரப்படுத்தாத குரலிலேயே அவசரப்படுத்த அவருக்கு நன்றாக வரும்.

ஈஜிபுராவில் இருக்கிறவன், வீட்டுக்குப் போகிற வழிதானே என்று ஷிஃப்ட் முடிந்ததும் என்னை ஆஸ்டின் டவுனில் மௌரீன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் திரையில் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பார்ப்பது மட்டும்தான்.

முந்தின நாள் விடியலில் நடந்தது இது. செங்கடல் வாசலில் இருக்கும் நீரிணையை நோக்கி ஒரு கூட்டமாகச் சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. காவலுக்கு ஒரே ஒரு போர்க்கப்பல். எங்களுடையது கிழட்டுக் கப்பல். வேகம் போதாமல் பின்தங்கியது. ஒன்றுக்காகத் திரும்பினால் மற்ற எல்லாவற்றுக்கும் காவல் போய்விடும். அதனால் போர்க்கப்பல் திரும்பவில்லை, ஹெலிகாப்டரை அனுப்பியது. அது போய்ச் சேர்வதற்குள் கடற்கொள்ளைக்காரர்கள் ஏறிவிட்டார்கள்.

ஏறியபின் சுட முடியாது. படம்தான் எடுக்க முடியும்.

உலகத்துக் கடற்படைகள் எல்லாம் அங்கே காவலுக்கு வந்துவிட்டன என்று டிவியில் சொல்கிறார்கள். என் திரையில் பார்த்தால் தெரியும். பெங்களூர் மொத்தத்துக்கும் நாலு டிராஃபிக் போலீஸ்.

ஹெலிகாப்டர்காரர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். கப்பலிலிருந்து எதுவோ தண்ணீரில் விழுந்தது. ஆளா மூட்டையா தெரியவில்லை.

ஆளாக இருந்து, லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தால், அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் உயிரோடு மிதந்துகொண்டிருக்கலாம். கூட்டிப்போன கப்பல்களைக் கரை சேர்த்துவிட்டுப் போர்க்கப்பல் திரும்பிவந்து தேடியது. அதன் காவலில் போக வேண்டிய அடுத்த கப்பல் கூட்டம் அதுவரை காத்து நின்றது.

படத்தில் தங்கள் ஆளை அடையாளம் காட்டச் சொல்லி எல்லார் வீட்டிலும் கேட்டாயிற்று. மும்பைக்காரர்கள் காட்டினார்கள், கொச்சிக்காரர்கள் காட்டினார்கள். மிச்சம் ஃபிட்டர் டிரேவர் மட்டும். மௌரீனின் கணவன்.

இவளும் காட்டிவிட்டால் கடலில் விழுந்தது ஆள் இல்லை. தேடலை நிறுத்திவிடுவார்கள்.

இதை அவளிடம் சொல்லக் கூடாது என்பது உத்தரவு.

"அந்தக் கும்பல்ல இவன் இல்லம்மா," என்றார் மாமனார் மதலைமுத்து. முன்தளத்தில் முட்டிபோட வைத்திருந்த ஆட்களை அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருந்தார். அதற்குமேல் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

மௌரீன் கப்பலின் பின்பக்கம் பார்த்தாள்.

அங்கே கைப்பிடிக் கம்பியோரம் ஓர் உருவம் தனியாக நின்றது. கப்பல் ஆட்கள் வேலைக்குப் போடும் ஆரஞ்சு நிற பாய்லர் சூட், மஞ்சள் தொப்பி.

"இதோ. இவருதான். கிரவுண்டுல ஃபைனல் ஜெயிச்சப்போ டீமுக்கே குடுத்த தொப்பி. நான் எத்தினி வாட்டி தொவச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கிழவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாரையும் முட்டி போட வெச்சிருக்கான். இவன் மட்டும் இன்னாத்துக்கு நிக்கிறான்?"

"உங்க புள்ள என்னிக்கு மாமா முட்டி போட்டாரு? பூசையிலயே தூணப் புடிச்சிக்கினு நிக்கிற ஆளு."

கிழவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"தேங்க்யூ மேடம். சந்தோஷம்," என்றது போன். லைன் கட்டானது.

மௌரீன் ஒற்றை விரலால் அந்த முகத்தைத் தடவினாள். முகம் என்று எதுவும் தெரியவில்லை, தொப்பிக்குக் கீழே இருட்டாக ஓர் இடம், அவ்வளவுதான். நான் அதற்கும் கீழே பார்த்தேன். இடுப்பைச் சுற்றிக் கயிறு ஓடியது. கால்கள் தளத்தைத் தொடவில்லை.

காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். நான் படிக்கட்டுக்கு வந்தேன்.

அந்தக் கடலுக்குள் நுழையும் எங்கள் கப்பல்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை போகும். காவலுக்குப் போர்க்கப்பல் போதாது, ஆகவே நீங்களே ஆள் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். பழைய பாய்லர் சூட்டுக்குள் கந்தலைத் திணித்துக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு யாரோ கண்விழித்துக் காவல் நிற்பதுபோல் தெரியும். விளையாட்டுக்குத் தங்கள் தொப்பியையும் கண்ணாடியையும் அதற்கு மாட்டிவிடுகிறவர்கள் உண்டு.

சாமிநாதன் சாருக்குப் போன் போட்டேன். இரண்டாவது முறைதான் எடுத்தார்.

"சார், அது டிரேவர் இல்ல. கட்டி வெச்ச பொம்ம. தேடறத நிறுத்த வேணாம்னு சொல்லுங்க சார்."

அவருக்குப் பின்னால் யாரோ ஆங்கிலத்தில் வரிசையாகக் கப்பல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்பா," என்றார். "படத்த உன் கையில குடுக்கும்போதே தெரியும். அங்க காவலுக்காகப் பதினஞ்சு கப்பல் காத்துக்கிட்டு நிக்குது, ஒவ்வொண்ணுலயும் இருவது பேரு. நீ போய்த் தூங்கு."