ஃபேன் சத்தம்

"நீங்க மட்டும் உள்ள வாங்க மேடம். சார் வெளியவே இருக்கட்டும்."

லேப்டாப்பை உள்ளே கொண்டு போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்த சர்வீஸ் சென்டர் குமரேசன் இப்படிச் சொன்னதும் எழிலரசிக்குச் சுருக்கென்றது. அதென்ன, பொம்பளையை மட்டும் தனியா உள்ளே கூப்பிடறது?

"ஏன், நான் வந்தா என்ன?" என்றான் அவள் கணவன் மாறன்.

"சின்ன ரூம் சார். ரெண்டு பேருக்கு மேல நிக்க இடமில்ல. வாரன்டி மேடம் பேர்லதானே இருக்கு?"

மாறன் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தான்.

லேப்டாப் வாங்கி இரண்டு மாசம்தான் ஆகிறது. கீழ்பென்னாத்தூரில் வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிற எழிலரசிக்கு, கல்யாண நாள் பரிசாக மாறன் வாங்கித் தந்தது. வாங்கிய முதல் வாரமே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. உஸ்ஸ்ஸ் என்று, வெயிட் போடாத குக்கர் மாதிரி. எதையும் திறக்காமல் சும்மா வைத்திருந்தால்கூட ஃபேன் நிற்காமல் சுற்றியது.

"எழில், மிக்ஸியை ஆஃப் பண்ணிட்டுப் பேசேன்" என்று மீட்டிங்கில் டீம் லீடர் சினேகா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நேற்று சிரிக்கவில்லை. "இப்படியே சத்தம் வந்தா வேற ஆளைத்தான் போடணும்" என்றாள்.

"புது மெஷின் அப்படித்தான் இருக்கும். போகப் போக சரியாயிடும்" என்று மாறன் நாளைக் கடத்தினான். இவள் பிடிவாதம் பிடித்ததும், "சரி, நானே கொண்டு போய்க் காட்டறேன், நீ எதுக்கு பஸ்ல அலையணும்?" என்றான். சர்வீஸ் சென்டரில் கையெழுத்து அவள்தான் போட வேண்டும் என்றதால், பவுர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாள் இரண்டு பேருமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார்கள்.

உள்ளே போனதும் குமரேசன் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். லேப்டாப் கேமரா மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். என்னமோ தட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். வீட்ல இதை எங்க வச்சிருப்பீங்க?"

"பெட்ரூம்ல. ஏன்?"

"மூடி வைப்பீங்களா?"

"தொறந்துதான் கிடக்கும்."

"நீங்க... டிரஸ் மாத்தறதெல்லாம் அந்த ரூம்லதானா?"

எழிலரசி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"செருப்பு பிஞ்சிடும்! என்ன கேள்வி கேக்கற?"

"அய்யோ மேடம், கத்தாதீங்க. ஃபேன்ல ஒரு கோளாறும் இல்ல. யாரோ இதுக்குள்ள ஒரு சாஃப்ட்வேரை ஒளிச்சு வச்சிருக்காங்க. கேமராவும் மைக்கும் உங்களுக்குத் தெரியாம ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க பேசறது, செய்யறது எல்லாம் உடனுக்குடனே ஒருத்தரோட போனுக்குப் போவுது. மெஷினுக்கு ஓய்வே இல்ல. அதான் சத்தம்."

எழிலரசி கேமரா மேல் ஒட்டியிருந்த டேப்பையே பார்த்தாள். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து நின்றது, மாமியாரைப் பற்றி அக்கா அருணாதேவியிடம் போனில் சொல்லி அழுதது... இரண்டு மாசத்தில் என்னென்ன!

"யா... யாரு?"

"பேரு தெரியல மேடம். ஆனா லேப்டாப்பைக் கையில வச்சுக்கிட்டுதான் இதைப் போட முடியும். வாங்கின மூணாவது நாளே போட்டிருக்காங்க. வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

"நானும் அவரும்தான்."

குமரேசன் கண்ணாடி வழியே வெளியே ஒரு தடவை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் எதைச் சொல்லாமல் நிறுத்தினான் என்று எழிலரசிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

"என் புருஷனையா சொல்றீங்க? அவரைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? நான் வாயைத் தொறந்து கேக்கறதுக்கு முன்னாடியே எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு செய்யற மனுஷன்!"

"நான் யாரையும் சொல்லல மேடம். நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் தனியா கூப்பிட்டேன். நாம பேசறது போயிடக் கூடாதுன்னு மைக்கை நிறுத்தி வச்சிருக்கேன்."

"போடுங்க மைக்கை. இப்பவே தெரிஞ்சுடும். அவர் இல்லன்னா, வெளிய வந்து அவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்."

"விழறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு குமரேசன் மைக்கை ஓடவிட்டான்.

எழிலரசி கண்ணாடி வழியே பார்த்தாள். மாறன் பெஞ்சில் உட்கார்ந்து, காதில் இயர்போனோடு போனைத் துழாவிக்கொண்டிருந்தான். வெளியே வேட்டவலம் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

அவன் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டாள். லேப்டாப்பை நோக்கிக் குனிந்தாள். எதிரே நின்ற குமரேசனுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"என்னங்க... கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

நிமிர்ந்தாள். "பாத்தீங்களா?" என்று குமரேசனிடம் கேட்க வாயெடுத்தாள்.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது.

"எழிலு! கண்ணை இருட்டுதா? உக்காரு, உக்காரு... இதோ தண்ணி வாங்கியாறேன்!"