பூட்டிய புடவைக்கடை

1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட ஆடிக் கலவரத்துக்குப் பயந்து, மலைநாட்டு மஸ்கெலியாவில் தங்கள் புடவைக்கடையைப் பூட்டிவிட்டுத் தேயிலைத் தோட்டத்து உறவினர் வீட்டுக்கு ஓடியிருந்த சண்முகராஜாவும் சீதாலெட்சுமியும் நிலைமை அடங்கிய பிறகு திரும்பி வந்தார்கள்.

"உள்ள ஒரு துணிகூட மிஞ்சியிருக்காதுங்க," என்றாள் சீதாலெட்சுமி.

"செவுராவது நிக்குதே," என்றபடி சண்முகராஜா பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

தலைக்கு மேலே ஒரு மணி காது கிழிய அலறியது. எதிர் பேக்கரிக்காரனான சிங்களவன் சோமபால விறகுக்கட்டையை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தான். பின்னாலேயே இன்னும் சிலர் ஓடி வந்தார்கள்.

சீதாலெட்சுமி கணவனை மறைத்துக்கொண்டு நின்றாள். "அடிக்காதீங்க! எல்லாத்தையும் எடுத்துக்குங்க!"

சோமபாலவின் கையிலிருந்த கட்டை நழுவியது.

"ஐயோ அக்கா, நீங்களா? கள்ளன்னு நெனச்சிட்டேன்!"

"இது என்ன மணி?" என்றார் சண்முகராஜா.

மணிச் சத்தத்தை மீறிச் சோமபால கத்தினான். "என் பேக்கரிக்கு வாங்கின பேட்டரி மணி! அங்க நான் இருக்கேன், இங்க ஆள் இல்லையே. அதான் கழட்டி இங்க நிலைக்கு மேல வெளிப்பக்கமா மாட்டினேன். கதவ உடைக்க வந்தவங்க இது அடிச்சதும் ஓடிட்டாங்க!"

சீதாலெட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள். சேலைகள் அடுக்கியபடியே இருந்தன. வாசற்படியில் உட்கார்ந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"மொதல்ல அத நிறுத்துங்க தம்பி. காது போகுது!"