விழாத குத்து

"நாலு தடவை சாம்பியன்தான். அஞ்சாவது ஆட்டத்தை வித்துட்டாரே!" என்றார் தமிழ்வாணன்.

ஆரணியின் புதுக் குத்துச்சண்டைக் கூடத்துக்கு, ஓய்வுபெற்ற வீரர் இளஞ்செழியன் பெயரை வைக்கக் கேட்கும் மனுவில் தமிழ்வாணன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அபாண்டமா பேசாதீங்க மச்சான்" என்றான் மனுவோடு வந்திருந்த தங்கை கணவன் பாலமுருகன்.

"டிவில பார்த்துகினுதானே இருந்தேன்? எதிராளி தள்ளாடிகினு நிக்கிறான். ஒரு குத்து போதும். இவரு கையை இறக்கிட்டு சும்மா நிக்கிறாரு, பட்டம் அவனுக்குப் போயிடுச்சு. ஏன்னு கேட்டதுக்கு இன்னிவரைக்கும் பதிலே இல்ல!"

பக்கத்தில், தமிழ்வாணனின் பட்டுத்தறி ஒன்றில் சிவப்பிரகாசம் குனிந்து, நெய்து முடிந்த பாவின் நீள இழைகளோடு புதுப் பாவின் பட்டிழைகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள். பாவு பிணைக்கிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஓர் இழை தவறினால் புடவை நெடுகக் கோடு விழும். ஆறு வருஷமாக வந்துபோகும் அவரிடம் தமிழ்வாணன் ஊரைக்கூட விசாரித்ததில்லை.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"அந்த எதிராளி நான்தாங்க."

இருவரும் திரும்பினார்கள்.

"கண்ணுல ஏற்கெனவே அடி. இன்னொரு குத்து விழுந்தா பார்வையே போயிடும்னு டாக்டர் சொன்னதை மறைச்சுட்டு ஏறினேன். கடைசி ரவுண்டுல, 'அண்ணே, கண்ணு தெரியல'ன்னு முனகிட்டேன். கையை இறக்கிட்டாரு. வெளிய சொன்னா என் பட்டத்தைப் பிடுங்கிடுவாங்கன்னு, கெட்ட பேரை அவரே சுமந்துகினு இருக்காரு."

தமிழ்வாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாவைக் குனிந்து பார்த்தார். நாலாயிரம் முடிச்சில் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

"மாப்ளே, ஜல்தியா அந்த மனுவைக் குடு" என்றார்.