மாடி வீட்டு வைஃபை

அப்டேட் முடித்து எழுந்த கைப்பேசி புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கியது. ஆனால் தேன்மொழி தொட்ட வீடியோக்கள் எல்லாம் சுற்றிக்கொண்டே இருந்தன.

"என் மேல தப்பில்லக்கா, அந்தக் கிழட்டு ரவுட்டர்தான்" என்று அது போட்டுக்கொடுத்தது.

தேன்மொழியும் ரவுட்டரை அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். "இதை இன்னைக்கே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்" என்று செருப்பைத் தேடினாள்.

ரவுட்டர் விளக்குகளைப் படபடவென்று சிமிட்டியது. "மாப்பிள்ளை சார், அப்டேட் ஆனதும் என் பாஸ்வேர்டையே மறந்துட்டீங்க. பூட்டில்லாத மாடி வீட்டு வைஃபையில போய் ஒட்டிக்கிட்டீங்க. என்கிட்ட நெட்டே வாங்கலையே, நான் எப்படி மெதுவாத் தந்தேன்?"

கைப்பேசி மாடியை அண்ணாந்து பார்த்தது.

"ஓசின்னா இப்படியா கொடுப்பாங்க? அக்கா, மாடி வீட்டுக்காரங்களுக்கும் சேர்த்து ஒரு ரவுட்டர் வாங்கிடுங்க!"