படம் விழவில்லை

"இன்னிக்கும் படம் விழலையாம். ராத்திரி எண்ணெய்ப் பண்டம் எதையாவது தின்னீங்களா?" எக்ஸ்ரே அறை வாசலிலேயே கணவரைப் பிடித்துக்கொண்டாள் தபீதாள்.

"கஞ்சியும் அந்த மாத்திரையும்தான்" என்றார் வேதசிரோமணி, பருத்த வயிற்றைத் தடவியபடி.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. மாத்திரை போட்டா எக்ஸ்ரேல பித்தப்பை தெரியும், கொழுப்பு மட்டும் சேர்க்கக் கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே. உடம்பைக் குறைக்கச் சொன்ன நாள்லேர்ந்து தாம்பரம் ஸ்டேஷன் வடைக்கடையைப் பார்த்தாலே உங்க கால் தானா நிக்குது."

"வேதப் புத்தகத்து மேல சத்தியமா திங்கலை, தபீதா."

"வடைக்காக வேதத்தை இழுக்காதீங்க."

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். உட்காருவதற்குள் தபீதாள் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னொரு தடவை மாத்திரை கொடுங்க டாக்டர். இவருக்கு நான் காவல் இருக்கேன்."

"வேண்டாம்மா. ரெண்டு தடவை கொடுத்தும் படம் விழலைன்னா அது சார் குத்தம் இல்லை. கல்லு அடைச்சிருக்கு, மருந்து பித்தப்பைக்குள்ள போகவே முடியலை. ஆபரேஷன் பண்ணிடணும்."

தபீதாள் பதறி எழுந்தே விட்டாள். வேதசிரோமணியோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், ஆபரேஷன் கிடக்கட்டும். என் குத்தம் இல்லைன்னு சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க."