நான்காவது பலகை

கண்ணாடி மேசைமேல் உள்ளங்கையளவு கணினிப் பலகைகள் நான்கு வரிசையாகக் கிடக்கின்றன. வீட்டில் இவை ஒன்றுசேர்ந்து ஒரே கணினியாய் உழைக்க வேண்டும். கடையில் இந்த ரகத்தில் இந்த நான்குதான் மிச்சம். வாங்கினால் திருப்பித் தர முடியாது என்பதால், அவள் தாங்கள் கொண்டுவந்த கேபிள்களால் நான்குக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறாள். மூன்றில் சிவப்பு விளக்கு ஆடாமல் அசையாமல் நிற்கிறது. நான்காவதில் எரிகிறது, மங்குகிறது, மறுபடி எரிகிறது. மின்விசிறியின் நிழலோ என்று உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கிறாள். நிழல் இல்லை. "இது கோளாறு, வேண்டாம்," என்கிறாள். "நல்ல பீஸும்மா, காலையிலதான் பிரிச்சேன்," என்கிறார் கடைக்காரர். பின்னால் நிற்கும், மூக்குக்கண்ணாடி போட்ட இன்னொரு வாடிக்கையாளர், "அவங்களுக்கு வேணாம்னா நான் எடுத்துக்கறேன்," என்று கையையே நீட்டிவிட்டார். பக்கத்தில் நிற்கும் அவள் கணவன் கேபிள் பையை இன்னொரு கைக்கு மாற்றுகிறான். மெல்லியதில் மின்சாரம் போதாது என்று, தடித்த கேபிள் நான்கு எடுத்துவரச் சொல்லியிருந்தாள். ஒன்றை அலுவலகத்தில் விட்டுவிட்டவன், தன் போனின் மெல்லிய கேபிளைப் பையில் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தான். "ஏங்க, என்ன வாயத் திறக்காம நிக்கிறீங்க?" "கேபிள மாத்திப் பாரேன்." என்கிறான் அவன். அவள் மூன்றாவதன் கேபிளைப் பிடுங்கி நான்காவதில் செருகுகிறாள். விளக்கு நிலைத்து எரிகிறது. பின்னாலிருந்து நீட்டிய கை பின்வாங்குகிறது. அவள் விளக்கைப் பார்க்கவில்லை. மெல்லிய கேபிளின் முனையில், தன் போனுடையது என்று அடையாளத்துக்கு அவன் சுற்றிவைத்த நீல டேப்பைப் பார்க்கிறாள். "நாலையும் பேக் பண்ணுங்க," என்கிறாள் கடைக்காரரிடம். அந்தக் கேபிளைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறாள். அவன் போனில் நான்கு சதவீத சார்ஜ்தான் மிச்சம்.